ராஜா இல்லாத ஊரில் ஆறில் ஒரு பங்கு

போன மாதம் இங்கே ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். இந்தியாவிலிருந்து பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் வந்திருக்கிறார், பழங்காலத்தில் நம் நாட்டில் பொருளாதாரத்தைப் பற்றி என்ன யோசித்தார்கள், அது இன்றைக்கு எதற்கு உதவும் என்று பேசப்போகிறார் என்று கோயிலில் சொன்னார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. என் படிப்பைப் பார்த்து வந்த அழைப்பில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இந்த ஊரில் இந்தியர்கள் கூட்டம் என்றால் பட்டுப் புடவை கட்டின கிழவி ஒருத்தி முன்வரிசையில் இருந்தால் படம் நன்றாக விழும் என்று நினைக்கிறார்கள். முடிந்ததும் சாப்பாடு உண்டு என்றார்கள். போனேன்.

பேராசிரியர் நல்ல மனிதர். திரையில் படம் காட்டிப் பேசினார். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு, அதில் பாதியைக் கெட்ட காலத்துக்கென்று களஞ்சியத்தில் வைக்க வேண்டும், புதுத் தானியம் வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், வியாபாரி இவ்வளவுக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது, பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம்தான் இன்றைக்கு எல்லா நாட்டு அரசாங்கமும் வேறு பெயரில் செய்கிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதென்ன பெரிய சேதி, இதை எங்கள் வீட்டில் ஒரு தகர டிரம்மை வைத்துக்கொண்டே செய்தோமே என்று நினைத்துக்கொண்டேன். அதைச் செய்யப் போய் என் கடை பறிபோக இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும்.

எங்கள் கடை சைகோனில், பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரம். மல்லி, மிளகாய், மஞ்சள், சோம்பு எல்லாம் வறுத்து இடித்து மசாலாத் தூள் விற்போம். இந்த ஊர்க்காரர்கள் அதைக் 'காரி' என்பார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டுக் கோழிக்குழம்பு வைத்து ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு நானே அப்படித்தான் வைத்தேன். அவர்களுக்குத் தமிழ் ஆண்கள் எல்லாரும் 'ஏழாம் அண்ணன்'. ஏன் ஏழு, ஆறாவது யார் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஏழாம் அண்ணன், அதனால் நான் ஏழாம் அக்கா.

அவருக்கு ஒரு விதி இருந்தது. அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து. எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் ஆறில் ஒரு பங்கு ராஜாவுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், எந்த ராஜாவுக்கு என்று கேட்டேன்.

"இங்க நம்மகிட்ட வந்து கேக்க ராஜா யாரு இருக்கா? கேக்குற ராஜா இல்லாத ஊர்ல நாமளே எடுத்து வச்சிரணும்," என்றார்.

எடுத்து வைப்பது மாடியில் இருந்த தகர டிரம்மில். மூடி போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை அதன் மேல் விளக்கு ஏற்றுவோம். அடுத்த சரக்கு வந்ததும் டிரம்மில் இருப்பதைக் கடைக்கு இறக்கிவிட்டுப் புதியதைக் கொட்டி மூடுவோம். அதனால் உள்ளே எப்போதும் புது மல்லிதான் இருக்கும். கப்பல் வராமல் போனால், ரோடு அடைபட்டால், சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் டிரம்மைத் திறந்து வாங்கின விலைக்கே விற்க வேண்டும். அன்றைக்கு லாபம் வைத்தால் அது திருட்டு என்பார். மற்ற வீட்டுப் பெண்கள் கழுத்தில் மிச்சம் பிடித்தார்கள். நான் டிரம்மில் மிச்சம் பிடித்தேன். அந்த வருத்தம் எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

சண்டைக் காலத்தில் ஒருமுறை சாலையெல்லாம் அடைத்துவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து லாரி வரவில்லை. மார்க்கெட்டில் மல்லி விலை கூரைக்குப் போனது. அவர் ஒருநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வந்தார், "இன்னிக்குத் திறந்துருவோம்," என்றார், திறந்தார். சரக்கு தீரும்வரை பழைய விலைக்கே கொடுத்தோம். சாலை திறந்ததும் மறுபடி நிரப்பினோம். அவ்வளவுதான். இன்றைக்குத்தான் என்று எப்படித் தெரிந்தது என நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் போய்ச் சேர்ந்த மறுவருஷம் வட வியட்நாம் படை உள்ளே வந்தது, சைகோன் விழுந்தது. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கப்பலிலும் விமானத்திலும் ஊருக்குப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இங்கே எனக்குக் கடை இருந்தது. ஊரில் எனக்கு நாத்தனார்கள் இருந்தார்கள். நான் இருந்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றுக்கும் வரிசை. அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, சோப்புக்கு. மஞ்சள், மிளகாய் இங்கேயே விளைகிறது. மல்லி மட்டும் கடல் தாண்டி வர வேண்டும், அது நின்றுபோனது. கடையில் இருந்த மல்லி தேயத் தேய, தூளில் மஞ்சளைக் கூட்டினேன், எலுமிச்சைப் புல்லைக் காயவைத்து இடித்துச் சேர்த்தேன். நிறம் வந்தது, வாசம் வரவில்லை. வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது யாரும் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

மாடியில் டிரம் நிறைய மல்லி இருந்தது. கடைசியாக வந்த சரக்கின் ஆறில் ஒரு பங்கு. துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடியில் பரப்பி வெயில் காட்டுவேன், வாசம் பக்கத்து வீட்டுக்குப் போவதற்குள் அள்ளி உள்ளே போடுவேன். திறக்க வேண்டிய நாளா இது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோசிப்பேன். இதைவிட மோசமான நாள் வந்தால் என்ன செய்வது என்று தோன்றும். விளக்கை ஏற்றிவிட்டு இறங்கிவிடுவேன். இப்படி இரண்டு வருஷம்.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. வியாபாரிகள் எல்லாரும் தங்களிடம் உள்ள சரக்கை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தவர்களுக்குக் கடை கிடையாது, புதுப் பொருளாதாரப் பகுதிக்கு அனுப்பப்படுவார்கள். பெயர்தான் பெரிய பெயர். காட்டில் ஒரு துண்டு நிலத்தையும் ஒரு மண்வெட்டியையும் காட்டி, வெட்டிக்கொள் என்பார்கள். எங்கள் தெருவிலேயே போனவர்கள் இருந்தார்கள்.

நான் மஞ்சள் எழுதினேன், மிளகாய் எழுதினேன், உரலையும் உலக்கையையும்கூட எழுதினேன். டிரம்மை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டதில்லை, சத்தியமாக. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டில் சைக்கிளை நிறுத்திவைத்தால் அதை நம் சொத்தில் எழுதுவோமா? அது ராஜாவுடையது. எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி வட வியட்நாம்காரர். ஒல்லியாக இருப்பார், தோளில் துணிப்பை, சைக்கிள். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்தவர், எங்கள் வட்டாரத்து அரிசிக் கிடங்கும் அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு அச்சடித்ததுபோல இருக்கும். கடையைப் பார்த்தார், நான் எழுதினதோடு ஒத்துப்பார்த்தார், மாடிக்கு வந்தார். விளக்கும் குங்குமமுமாக டிரம்மைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு முன்னோர்களுக்கு மாடம் உண்டு, சாமி இருக்கும் இடத்தில் மரியாதையாக நடந்துகொள்வார்கள். அப்படியே இறங்கிப் போயிருப்பார். போகிறபோது மரியாதைக்காக, இது யாருக்கு உரியது என்று கேட்டார்.

நானும் பெருமையாக, "இது ராஜாவோட பங்கு," என்றேன்.

யாரிடம் என்ன சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ராஜா, ஜமீன், முதலாளி எல்லாம் ஒழிக என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்த காலம் அது. அவர் திரும்பி வந்தார். விளக்கை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்துக் கீழே வைத்தார். மூடியைத் திறந்தார். இரண்டு வருஷமாகத் தெருவில் இல்லாத மல்லி வாசம் மாடி முழுக்க எழுந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. மூடிமேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை வார்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கடை எனக்கு இருக்குமா இருக்காதா என்று அங்கே முடிவாகும் என்றார்.

மறுநாள் போனேன். அங்கே எனக்கு முன்னால் குழம்புக்காரி உட்கார்ந்திருந்தாள். என் கடைக்கு எதிரே நடைபாதையில் அண்டா வைத்துக் கோழிக்குழம்பும் ரொட்டியும் விற்கிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாயில் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மசாலாத் தூள் என்னிடம்தான் வாங்குவாள். அக்கம்பக்கத்தில் கடை வைத்திருப்பவள் என்று சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. மாடியில் இருந்ததைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டு வருஷமும் அவள் அண்டாவில் வெந்தது என் மஞ்சள் தூள். நான் பயந்தது அதிகாரிக்கு இல்லை, அவளுக்கு.

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். நான் மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட வியட்நாம் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறில் ஒரு பங்கு, பழையது போய்ப் புதியது, வாங்கின விலை, ஒன்றும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அரசர்கள் ஒழிக்கப்பட்டுவிட்டார்கள், அக்கா," என்றார்.

"அதனாலதான் நான் வச்சிருக்கேன்."

அந்த வேலையை இப்போது அரசாங்கம் செய்கிறது, தனி ஆள் செய்தால் அதற்குப் பெயர் பதுக்கல் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் நின்று வாங்குகிற அரிசி பூசணம் பிடித்து வருகிறதே, பழையதைத் தள்ளிப் புதியதை வைத்திருந்தால் அப்படி வருமா, என் டிரம்மில் ஒரு வண்டு பார்த்தீர்களா என்று கேட்டேன். மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா இருமத் தொடங்கினான். கிடங்கு அவர் பொறுப்பு என்பது எனக்கு மறந்துபோகவில்லை. தெரிந்துதான் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரி. பஞ்சம் வந்தால் திறப்பீர்கள். பஞ்சம் வந்துவிட்டது என்று யார் சொல்வார்கள்?"

"எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு."

"அவர் எங்கே?"

"செத்துப்போயிட்டாரு."

"அப்படியானால் இப்போது யார்?"

படித்தவர்கள் என்னிடம் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இதற்கு மாடியில் இருக்கிற விளக்கைத்தான் காட்ட முடியும், அது பேசாது.

அவர் குழம்புக்காரியிடம் திரும்பி, இவர் சொல்கிற வழக்கம் உண்மையா என்று கேட்டார். அவள் மடியிலிருந்த தொப்பியை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இந்த மார்க்கெட்லயே கஞ்சம்னா இவதான். ஒரு மிளகு சேத்துப் போட மாட்டா. ஆனா ரோடு அடைச்சிருந்தப்ப இவ வீட்டுக்காரரு பழைய விலைக்குத்தான் குடுத்தாரு. நான் நம்பல. கெட்டுப்போன சரக்கோன்னு மோந்து மோந்து பாத்துத்தான் வாங்கினேன். நல்ல சரக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவரு திறந்தாரு. நீ ஏன் திறக்கல, ஏழாம் அக்கா?"

"இதவிட மோசமா வரும்னு நெனச்சேன்."

"எனக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு," என்றாள்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அரசாங்கம் பதுக்கல் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னபோது அது உண்மை என்று தெரிந்தது. விதியில் பாதியைத்தான் நான் காப்பாற்றினேன். வைக்கிற பாதியை.

அதிகாரியிடம், டிரம்மை நீங்கள் எடுத்துக்கொண்டு போனாலும் சரி, இல்லை என்னை இன்றைக்கே திறந்து வாங்கின விலைக்கு விற்க விட்டாலும் சரி, கடை போனால் போகட்டும் என்றேன். கடைசியாகச் சொன்னது வீம்பு. போனால் போகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அலுவலகத்தின் கண்காணிப்பில், நிர்ணயித்த விலையில், பொதுமக்களுக்கு விற்றால் அதைப் பதுக்கல் என்று எழுத வேண்டியதில்லை, அதற்கு இடம் இருக்கிறது என்றார். வாங்கின விலை என்ன என்று கேட்டார்.

சொன்னேன். அங்கேதான் சிக்கிக்கொண்டோம். நான் சொன்னது பழைய ஆட்சிக் காசு. அந்தக் காசை எப்போதோ செல்லாது என்று அறிவித்து, பழையதில் ஐந்நூறுக்குப் புதியதில் ஒன்று கொடுத்தார்கள். அதிகாரி காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி என் டிரம் மல்லி முழுவதும் நாலைந்து தீப்பெட்டி விலைக்கு வந்தது. இன்றைய மார்க்கெட் விலை என்றால் அது கொள்ளை லாபம், என் வீட்டுக்காரர் மாலை போட்ட படத்திலிருந்து இறங்கி வந்துவிடுவார். குமாஸ்தா ஒரு விலை சொன்னான். வாசலில் நின்ற காவல்காரர் ஒரு விலை சொன்னார். அதிகாரி அடித்தார், எழுதினார், அடித்தார். வெளிநாட்டில் படித்த படிப்பெல்லாம் காகிதத்தில் வியர்த்தது.

எனக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தக் கடைசிச் சரக்கை இறக்கின அன்று வாசலில் வாத்து முட்டைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பால் டின் மல்லி எனக்கு விழுந்த விலையும் இரண்டு வாத்து முட்டையும் சரியாக இருந்தன. இந்த ஊரில் அரிசி முதல் எல்லாவற்றையும் பால் டின்னில்தான் அளப்பார்கள். முட்டைக்காரி அரை காசு குறைக்க மாட்டேன் என்றதால் எனக்கு அது மறக்கவில்லை. காசு மாறும், ஆட்சி மாறும், வாத்து இரண்டையும் பார்த்துக்கொண்டு அதே முட்டையைத்தான் போடுகிறது. ஆகவே டின் மல்லி இரண்டு முட்டை விலை, இன்றைக்கு முட்டை என்ன விலையோ அது என்றேன்.

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பல்வரிசை நன்றாக இருக்கும்.

"இதை நான் மேலே அனுப்பினால் காட்டுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்," என்றார். ஆனாலும் விலை என்ற கட்டத்தில் 'இரண்டு வாத்து முட்டை' என்று எழுதினார். குழம்புக்காரி எட்டிப் பார்த்து, பெரிய முட்டையா சின்ன முட்டையா என்று கேட்டாள். நடுத்தர முட்டை என்று அதையும் எழுதினார்.

மூன்று நாள் கடை வாசலில் வைத்து விற்றேன். ஆளுக்கு இரண்டு டின்னுக்கு மேல் கிடையாது, மொத்தமாக வாங்கி மறுபடி பதுக்கிவிடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். பாதிப் பேர் காசு கொண்டுவந்தார்கள், பாதிப் பேர் நேராக முட்டையே கொண்டுவந்தார்கள். அந்த வாரம் மூன்று வேளையும் எனக்கு முட்டைக் குழம்புதான். தெருவெல்லாம் மல்லி வறுக்கிற வாசம். நாலாம் வீட்டுக் கிழவர் வாசலில் நாற்காலி போட்டுச் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழம்புக்காரி அண்டாவில் பழைய ருசி ஏறியது. முதல் கிண்ணத்தை எனக்குக் கொண்டுவந்து வைத்தாள். காசு வாங்கிக்கொண்டாள்.

கடை எனக்கே இருந்தது. எச்சரிக்கை என்று ஒரு காகிதம் மட்டும் கடை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கிறபோது அதிகாரி, மறுபடி சரக்கு வந்தால் மறுபடி எடுத்து வைப்பீர்களா என்று கேட்டார். வைப்பேன் என்றேன், இந்தத் தடவை எழுதிக் கொடுத்துவிட்டு வைப்பேன் என்றேன்.

"யார் சொன்னால் திறப்பீர்கள்?"

நான் குழம்புக்காரியைக் காட்டினேன். வாங்கிச் சமைக்கிறவளுக்குத்தான் இல்லாதது முதலில் தெரிகிறது. இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது.

"நான் நாளைக்கே சொல்லுவேன்," என்றாள் அவள்.

அப்படியில்லை, மூன்று நாள் தொடர்ந்து அண்டாவில் ஒழுங்கான குழம்பு வைக்க முடியாமல் போனால் வந்து சொல் என்று மூன்று பேருமாகப் பேசி முடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷத்தில் அவள் இரண்டு தடவைதான் வந்து சொன்னாள். ஒரு தடவை நான் நம்பாமல் அண்டாவில் கரண்டி விட்டு ருசி பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். திறந்தேன்.

அன்றைக்குத் தீர்ந்துபோன டிரம் வெகுநாள் காலியாகவே கிடந்தது. கடைசியில் ஒருநாள் சோலோன் என்கிற சீனர் பேட்டையின் மொத்தக் கடைக்காரர் ஒருவர் மூலமாக ஆறு மூட்டை மல்லி வந்தது. வந்த சேதி எனக்குத் தெரிவதற்கு முன்னால் குழம்புக்காரிக்குத் தெரிந்திருந்தது. அண்டாவை மூடிவிட்டு மாடிக்கு ஏறி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன என்றேன். சும்மா பார்க்க வந்தேன் என்றாள். ஆறாவது மூட்டைதான் பங்கு, ஆனால் அது மற்றதைவிடக் கனமாகத் தெரிந்ததால், கூடப் போய்விடக் கூடாது என்று பிரித்து டின்னால் அளந்து டிரம்மில் போட்டேன், என் வழக்கப்படி ஒவ்வொரு டின்னையும் விரலால் வழித்துத் தலை தட்டி. நாலைந்து டின் வரைக்கும் பொறுத்தாள். பிறகு டின்னைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது எங்க பங்கு. தலை தட்டாம கும்பாச்சியா அளக்கணும், அக்கா," என்றாள்.

மூட்டையைத் தூக்கி அவளே மிச்சத்தை எல்லாம் அப்படியே கவிழ்த்தாள். நான் மூடியை எடுத்துக் கொடுத்தேன்.